றக்பி: முரட்டுத்தனத்தை விதிகள் அடக்கிய வரலாறு

கடந்த தவணை விடுமுறையில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வழக்காளி என் தம்பி. ஒன்பதாம் தரத்தில் படிக்கும் அவனுக்குப் பாடசாலை றக்பி அணியில் சேர வேண்டும். அதற்கான படிவத்தில் பெற்றோரின் கையொப்பம் தேவை. வாப்பா, "உம்மாட்டக் கேளுங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். உம்மாவோ தொலைக்காட்சியில் இரண்டு நிமிடம் ஒரு போட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்ன மகள், விளையாட்டா, சண்டையா? ஒருத்தன்ட மேல பத்துப் பேர் உழுறாங்களே!" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. எங்கள் ஊரில் றக்பி என்றால் ஆண் பிள்ளைகளின் பேச்சு. நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

"நீங்க தேடிப் பாத்துச் சொல்லுங்க. அதுக்குப் பொறகு சைன் வெக்கிறதா இல்லையாண்டு பாப்பம்" என்றார் உம்மா.

அந்தத் தேடலின் பலனே இக்கட்டுரை. உம்மாவின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே படித்ததால், றக்பியின் வரலாறு எனக்கு வெற்றி தோல்விகளின் பட்டியலாகத் தெரியவில்லை. ஒரு முரட்டு விளையாட்டு, தன்னைத் தானே விதிகளால் அடக்கிக்கொண்டு வந்த கதையாகவே தெரிந்தது.

ஒரு பாடசாலையின் பெயர்

இங்கிலாந்தின் வாரிக்ஷயர் மாவட்டத்தில் றக்பி என்று ஒரு நகரம் உண்டு. 1567இல் அங்கு ஆரம்பிக்கப்பட்ட பாடசாலையின் பெயரும் றக்பிதான். விளையாட்டுக்கு அந்தப் பெயரே வந்து சேர்ந்தது.

1823ஆம் ஆண்டு அப்பாடசாலையின் மைதானத்தில் மாணவர்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தபோது, வில்லியம் வெப் எலிஸ் என்ற மாணவர் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடினார் என்றும் அதிலிருந்தே றக்பி பிறந்தது என்றும் ஒரு கதை உண்டு. உலகக் கிண்ணத்துக்குக்கூட அவருடைய பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஆனால் இக்கதை முதன்முதலில் எழுத்தில் வந்தது 1876இல். வெப் எலிஸ் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே காலமாகிவிட்டார். அவர் உயிரோடிருந்த காலத்தில் அவரிடம் எவரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆகவே வரலாற்றாசிரியர்கள் பலர் இதை நம்புவதில்லை.

எனக்கு அந்தக் கதையைவிட 1845ஆம் ஆண்டே முக்கியமாகப்படுகிறது. அதுவரை அப்பாடசாலையில் இவ்விளையாட்டுக்கு எழுதப்பட்ட விதிகள் இருக்கவில்லை. ஒரு பக்கத்தில் எத்தனை பேர் ஆடுவது என்ற கணக்கும் இல்லை. அவ்வாண்டில்தான் விதிகள் முதன்முதலாக எழுதப்பட்டன. எழுதியவர்கள் ஆசிரியர்கள் அல்லர், மூன்று மாணவர்கள். ஏறத்தாழ எங்கள் உயர்தர வகுப்பு மாணவிகளின் வயதுடையவர்கள்!

பந்தின் கதையும் சொல்லத்தக்கது. அந்நாளில் விலங்கின் சிறுநீர்ப்பையை வாயால் ஊதிப் பெருக்கி, அதன்மேல் தோலைத் தைத்தே பந்து செய்தார்கள். முட்டை போன்ற வடிவத்துக்கு அதுவும் ஒரு காரணம். றக்பி நகரில் பந்து செய்த ரிச்சர்ட் லிண்டன் என்பவருக்காக அவருடைய மனைவியே சிறுநீர்ப்பைகளை ஊதிக் கொடுத்தார். நோயுற்ற விலங்குகளின் பைகளை ஊதியதால் நுரையீரல் நோய் தொற்றி அவர் இறந்தார் என்று கூறப்படுகிறது. அதன் பின்னர் லிண்டன் இறப்பர்ப் பையையும், காற்றடிக்கும் பம்பியையும் பயன்படுத்தத் தொடங்கினார். மைதானத்தில் ஒருநாளும் இறங்காத ஒரு பெண்ணும் இவ்விளையாட்டின் வரலாற்றில் இருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை.

காலில் உதைக்கும் பழக்கம்

பழைய ஆட்டத்தில் எதிராளியின் முழந்தாளுக்குக் கீழே வேண்டுமென்றே உதைப்பதும் அனுமதிக்கப்பட்டிருந்தது. 1863இல் லண்டனில் பல கழகங்கள் கூடி எல்லோருக்கும் பொதுவான விதிகளை வகுக்க முயன்றன. உதைப்பதையும் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதையும் தடுப்பதென அக்கூட்டங்களில் முடிவாயிற்று. பிளக்ஹீத் என்ற கழகம் அதை ஏற்காமல் வெளியேறியது. எஞ்சியவர்களின் ஆட்டமே இன்றைய உதைபந்தாட்டம்.

வெளியேறியவர்களின் பக்கத்திலும் மாற்றம் வராமல் இல்லை. 1871ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் திகதி 21 கழகங்கள் லண்டனில் கூடி இங்கிலாந்தின் றக்பி சங்கத்தை அமைத்தன. விதிகளை எழுதும் பொறுப்பு றக்பி பாடசாலையின் பழைய மாணவர்கள் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மூவரும் சட்டத்தரணிகள். அவர்கள் எழுதிய விதிகளில் காலில் உதைப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் எந்தப் பழக்கத்துக்காகச் சண்டை பிடித்து வெளியேறினார்களோ, அதே பழக்கத்தைத் தாங்களே கைவிட்டார்கள்.

அதே ஆண்டு மார்ச் 27ஆம் திகதி எடின்பரோ நகரில் ஸ்கொட்லாந்தும் இங்கிலாந்தும் மோதிய ஆட்டமே உலகின் முதலாவது சர்வதேச றக்பிப் போட்டி. அணிக்கு 20 பேர் ஆடினர். ஸ்கொட்லாந்து வென்றது. 1877 முதல் அணிக்கு 15 பேர் என்ற இன்றைய முறை சர்வதேசப் போட்டிகளில் வழக்கத்துக்கு வந்தது.

ஆட்டம் நடக்கும் முறை

றக்பி தெரியாத என் போன்றவர்களுக்காக அடிப்படையை மட்டும் சொல்கிறேன்.

அணிக்கு 15 பேர். பாதிக்கு 40 நிமிடங்களாக மொத்தம் 80 நிமிடங்கள். மைதானத்தின் இரு முனைகளிலும் ஆங்கில எச் எழுத்தைப் போன்ற கோல் கம்பங்கள் நிற்கும். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறிய முடியாது. பின்னால் அல்லது பக்கவாட்டில் வருபவருக்கே கொடுக்க வேண்டும். முன்னேற வேண்டுமென்றால் பின்னால் வருபவரை நம்பத்தான் வேண்டும்.

எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் வைத்து அழுத்துவது 'ட்ரை' எனப்படும். அதற்கு 5 புள்ளிகள். 'ட்ரை' என்றால் முயற்சி. ஆரம்பத்தில் பந்தைத் தரையில் வைப்பதற்குப் புள்ளியே கிடையாது. கோலை நோக்கி ஓர் உதை உதைத்துப் பார்க்கும் வாய்ப்பு மட்டுமே கிடைத்தது. அதனாலேயே அப்பெயர். இன்றும் ட்ரையின் பின்னர் அந்த உதை உண்டு. அது கம்பங்களுக்கிடையே சென்றால் மேலும் 2 புள்ளிகள். தண்டனை உதைக்கு 3 புள்ளிகள். ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விழவிட்டு அது எழும்போது உதைத்துக் கோலாக்கினாலும் 3 புள்ளிகள்.

இனி உம்மாவின் "பத்துப் பேர்" விடயத்துக்கு வருகிறேன். பந்து வைத்திருப்பவரை மட்டுமே பிடித்து விழுத்தலாம். பந்தில்லாதவரைப் பிடித்தால் குற்றம். விழுந்தவர் உடனே பந்தை விட்டுவிட வேண்டும். விழுத்தியவரும் அவரை விட்டு விலகிவிட வேண்டும். பந்துக்காக வரும் மற்றவர்கள் காலூன்றி நின்றபடியே தள்ள வேண்டும். வேண்டுமென்று மேலே விழுந்தால் தண்டனை. தொலைக்காட்சியில் எங்களுக்குக் குவியலாகத் தெரிவதற்குள் இத்தனை விதிகள் இருக்கின்றன.

கழுத்தில், தலையில் பிடிக்கக் கூடாது. பந்தைப் பிடிக்க மேலே எழும்பியவரைக் காற்றில் வைத்துத் தொடக் கூடாது. மீறினால் மஞ்சள் அட்டையும் 10 நிமிட வெளியேற்றமும். பாரதூரமான குற்றமாயின் சிவப்பு அட்டை. மத்தியஸ்தரின் தீர்ப்பைப் பற்றி அவரோடு பேசுபவர் அணித்தலைவர் மட்டுமே. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு வீரர், தன்னில் பாதியளவே இருக்கும் மத்தியஸ்தரின் முன்னால் வாய் திறவாமல் நிற்பதைப் பார்த்த உம்மா, "இவன்ட உம்மா நல்லா வளத்தீக்கிறா" என்றார்.

யார் விளையாடலாம்?

விதிகள் ஆட்டத்தை அடக்கின. ஆனால் யார் ஆடலாம் என்ற கேள்வியில் றக்பி நீண்ட காலம் நீதியாக நடக்கவில்லை.

இங்கிலாந்தின் வட பகுதியில் றக்பி ஆடியவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்த இழப்பை மட்டும் ஈடுசெய்யுங்கள் என்று கேட்டார்கள். பணத்துக்காக ஆடக் கூடாது என்று தென் பகுதியினரின் செல்வாக்கிலிருந்த சங்கம் மறுத்தது. 1895ஆம் ஆண்டு ஓகஸ்ட் 29ஆம் திகதி ஹடர்ஸ்பீல்ட் நகரில் கூடிய வடக்குக் கழகங்கள் தனியாகப் பிரிந்தன. அந்தப் பிரிவே பின்னர் அணிக்கு 13 பேர் ஆடும் 'றக்பி லீக்' ஆயிற்று. பழைய பிரிவான 'றக்பி யூனியன்', வீரர்களுக்கு ஊதியம் வழங்கலாம் என்று ஏற்றுக்கொண்டது 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில். சரியாக நூறு ஆண்டுகள் சென்றன. நம் நாட்டில் ஆடப்படுவதும் இக்கட்டுரை பேசுவதும் றக்பி யூனியனைப் பற்றியே.

பிரதான போட்டிகள்

*கல்கத்தா கிண்ணம்:* கல்கத்தாவில் இருந்த ஆங்கிலேயரின் றக்பிக் கழகம் 1878இல் கலைக்கப்பட்டபோது, வங்கியில் எஞ்சியிருந்த பணத்தை வெள்ளி ரூபாய் நாணயங்களாக எடுத்து உருக்கி ஒரு கிண்ணம் செய்தார்கள். நாகபாம்புகளே அதன் கைப்பிடிகள். மூடியின் மேல் ஒரு யானை. அதற்காக 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் மோதி வருகின்றன.

*ஆறு நாடுகள் சுற்றுப்போட்டி:* 1883இல் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய நான்கோடு ஆரம்பமானது. 1910இல் பிரான்ஸும் 2000இல் இத்தாலியும் இணைந்தன. ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

*றக்பி சம்பியன்ஷிப்:* தென்னரைக்கோள நாடுகளுக்கானது. 1996இல் நியூஸிலாந்து, அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா ஆகிய மூன்று நாடுகளோடு தொடங்கி, 2012இல் ஆர்ஜென்டீனாவையும் சேர்த்துக்கொண்டது.

*உலகக் கிண்ணம்:* 1987இல் நியூஸிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் முதன்முதலாக நடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. 2023 வரையான பத்துக் கிண்ணங்களில் தென்னாபிரிக்கா நான்கையும் (1995, 2007, 2019, 2023), நியூஸிலாந்து மூன்றையும் (1987, 2011, 2015), அவுஸ்திரேலியா இரண்டையும் (1991, 1999), இங்கிலாந்து ஒன்றையும் (2003) வென்றுள்ளன. 2019இல் ஜப்பானில் நடந்ததே ஆசியாவின் முதலாவது உலகக் கிண்ணம்.

*எழுவர் றக்பி:* அணிக்கு ஏழு பேர், பாதிக்கு ஏழே நிமிடங்கள். 1883இல் ஸ்கொட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில், தம் கழகத்துக்கு நிதி திரட்ட நெட் ஹெய்க் என்ற இறைச்சிக் கடைக்காரர் கண்ட வழி இது. 2016 முதல் ஒலிம்பிக்கிலும் இடம்பெறுகிறது. அவ்வாண்டு தங்கம் வென்ற ஆண்கள் அணி, சின்னஞ்சிறு பிஜி தீவுகளுடையது. எந்த விளையாட்டிலும் அந்நாடு பெற்ற முதலாவது ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

ஆறாம் இலக்கச் சட்டை

உலகக் கிண்ண வரலாற்றில் ஒரு நாளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

தென்னாபிரிக்காவில் வெள்ளையரின் நிறவெறி ஆட்சி நடந்த காலத்தில் அந்நாட்டுத் தேசிய றக்பி அணி அந்த ஆட்சியின் அடையாளமாகவே இருந்தது. 'ஸ்பிரிங்பொக்' மான் பொறித்த அதன் பச்சைச் சட்டையைக் கறுப்பின மக்கள் வெறுத்தார்கள். வெளிநாட்டு அணிகள் வந்தால் அவற்றுக்கே ஆரவாரம் செய்தார்கள். நிறவெறியின் காரணமாக முதலிரண்டு உலகக் கிண்ணங்களில் தென்னாபிரிக்கா ஆடவில்லை.

1995ஆம் ஆண்டுக் கிண்ணம் அந்நாட்டிலேயே நடந்தது. 27 ஆண்டுகள் சிறையிருந்த நெல்சன் மண்டேலா அப்போது ஜனாதிபதி. ஜூன் 24ஆம் திகதி ஜொஹன்னஸ்பேர்க்கில் இறுதிப் போட்டி. அணித்தலைவர் பிரான்ஸ்வா பியனாரின் ஆறாம் இலக்கம் பொறித்த அதே பச்சைச் சட்டையை அணிந்துகொண்டு மண்டேலா மைதானத்துக்கு வந்தார். தம் மக்களை அவமதித்த சின்னத்தைத் தூக்கி எறியவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. அவர் அதை அணிந்துகொண்டார். மேலதிக நேரம் வரை நீண்ட போட்டியில் தென்னாபிரிக்கா 15–12 என்று நியூஸிலாந்தை வென்றது.

அன்றைய தென்னாபிரிக்க அணியில் வெள்ளையரல்லாதவர் ஒருவரே இருந்தார். அவர் செஸ்டர் வில்லியம்ஸ். 2019இலும் 2023இலும் அதே நாட்டின் அணிக்காகக் கிண்ணத்தை உயர்த்திய தலைவர் சியா கொலிசி. ஆறாம் இலக்கச் சட்டை அணிந்த கறுப்பினத்தவர்.

பெண்களும் முஸ்லிம்களும்

பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணம் 1991இல் வேல்ஸில் நடந்தது. அன்று சர்வதேசச் சபை அதை அங்கீகரிக்கவில்லை. ஏற்பாட்டாளர்களும் வீராங்கனைகளும் தாமே முயன்று நடத்தினார்கள். ஐக்கிய அமெரிக்கா வென்றது. இதுவரை நடந்த பத்துக் கிண்ணங்களில் நியூஸிலாந்து ஆறையும் இங்கிலாந்து மூன்றையும் பெற்றுள்ளன. 2025இல் லண்டனில் இங்கிலாந்து கனடாவை 33–13 என்று வென்ற இறுதிப் போட்டியை 80,000க்கும் மேற்பட்டோர் நேரில் கண்டனர்.

தலையை மறைத்துக்கொண்டு ஆடலாமா என்று என் தோழியொருத்தி கேட்டாள். ஆடலாம். அணிபவருக்கோ மற்றவருக்கோ ஆபத்து விளைவிக்காத தலைமறைப்பை உலக றக்பி விதிகளே அனுமதிக்கின்றன. கால்களை மூடும் நீண்ட உள்ளாடைக்கும் இடமுண்டு. இங்கிலாந்தில் தாதியாகப் பணியாற்றும் ஸைனப் அலெமா, ஹிஜாப் அணிந்தே றக்பி ஆடுபவர்.

நியூஸிலாந்துத் தேசிய அணிக்கு ஆடிய முதலாவது முஸ்லிம் சொனி பில் வில்லியம்ஸ். பிரான்ஸில் ஆடிய காலத்தில் இஸ்லாத்தை ஏற்றவர். 2011, 2015 ஆகிய இரு உலகக் கிண்ணங்களையும் வென்ற அணிகளில் இருந்தார். 2015 இறுதிப் போட்டி முடிந்ததும் மைதானத்துக்குள் ஓடி வந்த ஒரு சிறுவனைப் பாதுகாவலர் பிடித்து விழுத்தினார். வில்லியம்ஸ் அவனைத் தூக்கி நிறுத்திப் பெற்றோரிடம் அழைத்துச் சென்று, சற்று முன்னர் தான் பெற்ற பதக்கத்தை அவன் கழுத்தில் போட்டுவிட்டார். 2017இல், வட்டி வாங்கும் வங்கியின் விளம்பரத்தைத் தன் சட்டையில் தாங்க முடியாது என்று சொன்னபோது, அவருடைய மார்க்கத்தை மதித்து அதற்கு இணங்கினார்கள்.

நம் நாட்டில்

இலங்கைக்கு றக்பியைக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். பாடசாலைகளில் அதை முதன்முதலாக அறிமுகப்படுத்தியவர் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியின் ஸ்தாபகர் எல். ஈ. பிளேஸ், ஆண்டு 1891. பாடசாலைகளுக்கிடையிலான முதலாவது போட்டி 1906இல் கண்டி போகம்பரை மைதானத்தில் கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையே நடந்தது. கொழும்பு ரோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் 1945 முதல் பிரட்பி கேடயத்துக்காக மோதி வருகின்றன. கொழும்பில் ஒன்றும் கண்டியில் ஒன்றுமாக இரு போட்டிகளின் மொத்தப் புள்ளிகளே வெற்றியைத் தீர்மானிக்கும். 1976இல் ஹொங்கொங்கில் முதலாவது எழுவர் சுற்றுப்போட்டி நடந்தபோது அதில் கலந்துகொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. இன்று நம் நாட்டுக்குப் பெண்கள் அணியும் உண்டு.

உம்மாவின் தீர்ப்பு

இத்தனையும் நான் வாசித்துக் காட்டிய பின்னர் உம்மா கேட்டார்: "அப்ப காயமே படாதா?"

படும். அதை நான் மறைக்கவில்லை. தோள், முழங்கால் காயங்கள் இவ்விளையாட்டில் சாதாரணம். அவற்றைவிடப் பாரதூரமானது தலையில் அடிபட்டு மூளை அதிர்வது. தலைக் காயங்களால் பின்னாளில் பாதிக்கப்பட்டதாகக் கூறும் முன்னாள் வீரர்கள் பலர் இன்று இங்கிலாந்தில் நீதிமன்றம் சென்றிருக்கிறார்கள். அதனால் விதிகள் இன்னும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மூளை அதிர்ந்ததாகச் சந்தேகம் வந்தாலே ஆடுபவரை வெளியேற்ற வேண்டும். பாடசாலை மட்டத்தில் அவர் அன்று மீண்டும் ஆடக் கூடாது. இங்கிலாந்தின் பாடசாலை, கழக மட்டப் போட்டிகளில் 2023 முதல் மார்பெலும்புக்குக் கீழேதான் பிடிக்கலாம். 1871இல் காலில் உதைப்பதைக் கைவிட்ட அதே வேலை இன்னும் முடியவில்லை.

உம்மா சிறிது நேரம் யோசித்தார். பிறகு மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதச் சொன்னார். தலையில் அடிபட்டால் பிள்ளையை வெளியே எடுப்பது யார்? பயிற்சி நேரத்தில் முதலுதவி தெரிந்தவர் இருப்பாரா? சிறிய பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகளோடு மோத விடுவார்களா? அத்தாளோடு மறுநாள் வாப்பாவையும் அழைத்துக்கொண்டு பயிற்றுநரைச் சந்தித்தார். மூன்றுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தது. வரும் வழியில் பல்லைக் காக்கும் வாய்க்காப்பு ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்து படிவத்தில் கையொப்பமிட்டார்.

பெற்றோரே, உங்கள் பிள்ளையும் இப்படியொரு படிவத்தோடு வரக்கூடும். பயந்து மறுப்பதற்கும் விசாரியாமல் கையொப்பமிடுவதற்கும் முன்னர் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் திருப்தி தராவிட்டால் மறுப்பதே சரி.

முதல் நாள் பயிற்சி முடிந்து தம்பி உடம்பெல்லாம் சேறோடு வந்தான். "எத்தன பேர உழுத்தினீங்க?" என்று உம்மா கேட்டார்.

"ஒருத்தனையும் இல்ல உம்மா. இண்டைக்கு முழுக்க, அடிபடாம எப்பிடி உழுறதுண்டு மட்டுந்தான் பழக்கினாங்க" என்றான்.

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு அவனுடைய சட்டையை அவரே கழுவிப் போட்டார்.